வீட்டு விளக்கும் மின் சிக்கனமும்

தென்னிந்தியாவில் மின்சாரம் முதன்முதலிற் பெருமளவில் பாய்ந்தது வீடுகளுக்காக அன்று, சுரங்கங்களுக்காக. 1902 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சிவசமுத்திரத்திற் காவிரி நீர்வீழ்ச்சியின் வலிமையால் ஆக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே சென்று கோலார் தங்கவயலின் இயந்திரங்களை இயக்கியது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அஃது ஒன்று. இத்திட்டத்துக்கு உரமூட்டிய மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் 1901 இலேயே காலமானார். அதன் நிறைவைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தவரிற் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழர். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு ஒருவகையில் அவர்கள் முன்னோடிகள். காவிரி தந்த மின்சாரம் அவர்கள் வேலை செய்த இடத்துக்கு வந்தது. அவர்கள் குடியிருந்த மூங்கில் தட்டிக் குடிசைகளுக்கு உடனே வந்துவிடவில்லை. 1905 இற் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. வீடுகளின் முறை மெல்ல மெல்லவே வந்தது.

நாடு விடுதலை பெற்ற 1947 இல் இந்தியாவின் மொத்த மின் உற்பத்தித் திறன் 1,362 மெகாவாட். தலைக்குக் கணக்கிட்டால் ஆண்டுச் செலவு 16 யூனிட். ஆலைகளின் செலவும் இதிற் சேர்ந்ததே. ஓர் அறுபது வாட் விளக்கை நாள்தோறும் முக்கால் மணி நேரம் எரித்தால் ஆண்டு முடிவில் இந்தப் பதினாறு யூனிட் தீர்ந்துவிடும். இல்லாத பொருளில் எவர் சிக்கனம் பிடிப்பார்? இன்றோ அந்தத் தலைக்கணக்கு 1,300 யூனிட்டைக் கடந்து நிற்கிறது. அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்துப் பெறுவது. ஆகவே, நம் வீட்டில் ஒரு யூனிட் செலவானால், எங்கோ ஓர் அனல் நிலையத்தின் புகைபோக்கி வழியே, நாட்டுச் சராசரிப்படி, முக்கால் கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது என்று கொள்ளலாம். வெப்பமும் மழையும் முறை பிறழ்வதற்கு அவ்வாயுவே தலையாய காரணம்.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். அலுவலகத்திற் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கும்போது எனக்கு ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உள. ஒன்று, செலவைச் சுருக்கிக் காத்தலைக் குறிக்கும்; மற்றொன்று, அதே பயனைக் குறைந்த செலவிற் பெறுவதைக் குறிக்கும். நாம் இரண்டையும் ‘சிக்கனம்’ என்றே எழுதிவிடுகிறோம். சிக்கனம் என்றதும் நம் மக்களுக்கு நினைவு வருவது, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும் தாத்தாதான். ஆனால் நம் நாட்டு வீடுகளில் மின்சாரம் மிச்சப்பட்ட வரலாறு பெரும்பாலும் இரண்டாவது சொல்லின் வரலாறே ஆகும்.

கோலார்ச் சுரங்கங்கள் மூடப்பட்ட அதே 2001 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 இல், சாதனங்களின் மீது நட்சத்திரச் சீட்டு ஒட்டும் முறை வந்தது. 2009 இல் ‘பசத் விளக்குத் திட்டம்’ என்ற ஒன்று தோன்றியது. பழைய குண்டு பல்பைக் கொடுத்துப் பதினைந்து ரூபாய்க்கு ஒரு சி.எஃப்.எல். விளக்கைப் பெறலாம், அதனாற் குறையும் கரியமில வாயுவின் கணக்கை உலகச் சந்தையில் விற்று எஞ்சிய விலையை ஈடு செய்வது ஏற்பாடு. எண்ணம் நன்று. ஆனால் அந்தச் சந்தையில் விலை சரிந்தது, திட்டமும் தளர்ந்தது.

2015 ஜனவரியிற் தொடங்கிய ‘உஜாலா’ திட்டம் வேறு வழியைக் கைக்கொண்டது. எல்.இ.டி. விளக்குகளை அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாகக் கேட்டது. 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016 இல் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மானியம் ஏதும் இல்லை. விரும்பியவர் மின்கட்டணத்தோடு தவணையாகச் செலுத்தவும் வழி இருந்தது. இத்திட்டத்தின்கீழ் 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. எவரும் இருட்டில் உட்காரவில்லை என்பதுதான் இதிற் சிறப்பு. குண்டு பல்பு தான் உண்ணும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்களவே ஒளியாக்கும், மற்றதெல்லாம் வெப்பம். அறுபது வாட் பல்புக்கு மாற்றாக ஒன்பது வாட் எல்.இ.டி. போதும். நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 93 யூனிட் மீதம். ஒரே விளக்கினால் வரும் மீதம் இது.

விளக்கில் வென்றோம், விசிறியில் இன்னும் வெல்லவில்லை. பழைய கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் கேட்கும், பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதியது 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் மாதம் பதினாறு யூனிட் மிச்சம். குளிர்சாதனம் உடையோர் 24 பாகையில் நிறுத்தினால் நலம். 2020 முதல் புதிய சாதனங்கள் அந்த அளவிலேயே அமைக்கப்பட்டு வருகின்றன. ஆனால் விசிறி எல்லோர் வீட்டிலும் உள்ளது.

இடையூறு எங்கே? நம்மிற் பலர் வாடகை வீட்டினர். விசிறி வாங்குபவர் வீட்டுக்காரர். அதற்கு மின்கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். விலை குறைந்த விசிறியை மாட்டுவதில் முன்னவருக்கு நட்டம் இல்லை. பிறர் வீட்டுக்கு விலையுயர்ந்த விசிறி வாங்கப் பின்னவருக்கு மனமில்லை. உஜாலா உடைத்தது விலை என்னும் பூட்டை. இந்தப் பூட்டு வேறு. டில்லியில் நான் குடியிருக்கும் வீட்டில் இதற்கு ஒரு வழி கண்டோம். வீட்டுக்காரரின் இரு விசிறிகளையும் கழற்றித் துடைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டு, எங்கள் செலவிற் புதியன மாட்டினோம். வீடு மாறும்போது பழையவற்றைத் திரும்ப மாட்டித் தருவதாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இருமுறை படித்துவிட்டு, “மாட்டுகிற கூலியும் உங்களுடையதுதானே?” என்று கேட்டார். ஆம் என்றேன். கையெழுத்திட்டுவிட்டார்.