செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னைவாசிகள் எழும்பூரிலுள்ள அரசாங்கக் காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் நெடுங்காலம் வழங்கி வந்தார்கள். பாமர ஜனங்கள் சூட்டிய பெயர்கள் என்று அவற்றை ஒதுக்கிவிடுவதற்கில்லை. சரித்திரம் அவற்றில் பொதிந்து கிடக்கிறது. 1851-ஆம் வருஷத்தில் காட்சிசாலை தொடங்கப்பெற்ற இடம், நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு என்று இன்றைக்கும் பெயர் வழங்கும் வீதியில், கும்பினி உத்தியோகஸ்தர்கள் இந்நாட்டுப் பாஷைகளைப் பயின்ற கல்லூரிக் கட்டடமே ஆகும். 1854-இன் இறுதியில் அது எழும்பூர்ப் பாந்தியன் மாளிகைக்குக் குடிபெயர்ந்த பின்னரும், 'காலேஜ்' என்ற சொல் ஜனங்களின் நாவைவிட்டு அகலவில்லை.

காட்சிசாலையின் முதல் அதிகாரியாக விளங்கிய எட்வர்ட் பால்பர் என்னும் வைத்தியர், கல்லையும் எலும்பையும் காண வராதவர்களும் உயிருள்ள புலியையும் சிறுத்தைக்குட்டியையும் காணத் திரண்டு வருவதைக் கண்டு, கர்நாடக நவாபு வளர்த்து வந்த பிராணிகளையும் கேட்டுப் பெற்று, அங்கேயே ஒரு விலங்குச் சாலையை உண்டாக்கினார். பிற்பாடு அப்பிராணிகள் சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டு போகப்பட்டன. ஆகவே, செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே மனையில் பிறந்து, பின்னர்த் தனிக்குடித்தனம் போன உடன்பிறப்புகள்.

1931-இல் பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, வயலும் ஏரியுமாகக் கிடந்த தென்புறத்து ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்கு இவ்விரண்டு இடங்களும் ஒரே பகலில் போய்வரத் தக்கவையாயின. முதல் நாள் இரவே துவைத்து மடித்த சீருடையும், வாழையிலையில் கட்டிய புளிசாதமும், முன்னே போகிறவன் தோளைப் பற்றிக்கொண்டு நடக்கும் வரிசையுமாக, குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ரயிலேறிய பிள்ளைகள் எழும்பூரில் இறங்கி, திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் முன் வாயடைத்து நின்று, அமராவதிப் பளிங்குச் சிற்பங்களையும் திருவாலங்காட்டு நடராஜரையும் தரிசித்து, பட்டணத்தில்தான் எல்லா அதிசயங்களும் இருக்கின்றன என்ற எண்ணத்தோடு வீடு திரும்பினார்கள்.

அந்த எண்ணத்தைத்தான் நாம் திருத்த வேண்டும். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் செம்பூரான் சரளைக்கு இடையே ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார்; பாரத தேசத்தில் பழைய கற்காலத்து மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதன்முதலாக அகப்பட்ட பிரத்தியட்ச சாட்சி அதுவேயாகும். அவர் ஆயுள் முழுதும் சேகரித்த கருவிகளின் தொகுதி 1904-இல் எழும்பூர்க் காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தது. அத்தகைய கைக்கோடரி ஒன்றைச் சற்று உற்றுப் பாருங்கள்: உள்ளங்கைக்குள் அடங்கும் தடித்த அடிப்பாகம், குவிந்து செல்லும் முனை, இருபுறமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்தெடுத்த தழும்புகள். ஒவ்வொரு தழும்பும் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால், எங்கே தட்டுவது என்ற ஒரு யோசனை. காட்சிசாலையில் அக்கருவிகளை வைத்த கண்ணாடிப் பெட்டியின் முன் நின்ற பல்லாவரத்துச் சிறுவன், தன் ஊரைக் காணவே பட்டணத்துக்குப் பிரயாணம் செய்திருக்கிறான் என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

காலம் இந்தப் பிரயாணத்தின் திசையையே மாற்றிவிட்டது. பீப்பிள்ஸ் பார்க்கில் இடநெருக்கடி முற்றவே, 1979-இல் வண்டலூர்க் காட்டில் நிலம் ஒதுக்கப்பட்டு, 1985 ஜூலை 24-ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். அன்று முதல் பட்டணத்துப் பிள்ளைகள் தாம்பரத்தைக் கடந்து தெற்கே வரலானார்கள். இதற்கு எதிர்த்திசையில் போனதும் ஒன்றுண்டு: ராமுலஸ் விட்டேகர் நிறுவிய பாம்புப் பண்ணை, முதலில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருந்து, 1972-இல் கிண்டிக்குப் போயிற்று. இவ்வாறு கல்லும் பாம்பும் தென்புறத்து ஊர்களிலிருந்து வடக்கே போக, புலியும் சிங்கமும் பட்டணத்திலிருந்து தெற்கே வந்திருக்கின்றன.

பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துச் சென்று காட்டுவது உத்தமமான காரியம். ஆனால் பார்த்த பொருளை அது பிறந்த மண்ணோடு சேர்த்து வைத்தாலன்றி அக்காட்சி கல்வியாகாது. மாலையில் திரும்பும் ரயில் பல்லாவரத்தில் நிற்கும் அந்தச் சில நொடிகளில், உபாத்தியாயர் ஜன்னலோரத்துப் பிள்ளையிடம், "காலையில் பார்த்தாயே, அந்த மாதிரிக் கல் முதலில் கிடைத்தது இங்கேதான் அப்பா" என்று சொல்லுவாரேயானால், மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் அவன் காலில் இடறும் கல்லைக் குனிந்து எடுத்து, ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போடுவான்.