பாஸ்பரஸ் காட்டிய தடம்

சிவகாசியில் பிறந்த எனக்குப் பாஸ்பரஸ் என்றால் தீப்பெட்டியின் பக்கப் பட்டைதான் நினைவுக்கு வரும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் அது. அப்பொருளுக்கு ஆராய்ச்சிச்சாலையிலும் ஒரு சரித்திரம் உண்டு, நேயர்களே.

நம்மைக் காக்கும் டி வெள்ளணு, பகைக்கிருமியைக் கண்டதும் உறங்கும் மரபணுக்களை எழுப்புகிறது. எழுப்புபவை, உட்கருவினுள் புகும் சில புரதங்கள். மிகச் சொற்பமான அவற்றைக் காண்பது எங்ஙனம்? பாக்டீரியாப் புரதங்களை ஆராய 1981-இல் வெளியான முறையொன்று பின்னர் இதற்கும் கைகொடுத்தது. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய டி.என்.ஏ. துண்டுகளைக் கூழ்ப்பலகையில் மின்விசையால் ஓடவிடுவார்கள். வெறுந்துண்டு விரைந்தோடும், புரதம் பற்றிய துண்டோ, மூட்டை சுமப்பவனைப் போலப் பின்தங்கும். எக்ஸ்ரே படச்சுருளில் அது கரிய கோடாக விழும். தோற்றவனைத் தேடும் விசித்திரப் பந்தயம்!

இத்தகைய சோதனைகளின் துணைகொண்டு, இந்தியாவில் பிறந்த அஞ்சனா ராவின் குழுவினர் என்.எஃப்.ஏ.டி. என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்து, 1993-இல் அதன் மரபணுவையும் அறிவித்தனர். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து இப்புரதத்தை உட்கருவினுள் புகவிடுவதில்லை. ஆகவே, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை வெள்ளணுக்கள் தாக்காதிருக்கின்றன.

என் தமையனார் அம்மருந்தை நாள்தோறும் இருவேளை உண்கிறார். தீப்பெட்டிக் கணக்கையும் அவரே எழுதுகிறார்.