தண்டவாளம் மறைந்த பசும்பாதை

சிங்கப்பூரின் தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு பசும்பாதை செல்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கால்வாய்கள் பெருகும். மழை ஓய்ந்ததும் புல் செழிக்கும். எழிலைக் காணவரும் மக்கள், தம் காலடியில் உறங்கும் வரலாற்றையும் காணுதல் வேண்டும்.

1903-ஆம் ஆண்டு டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. நகரத்தார் 1859-இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் உள்ள சாலை அது. 1923-இல் ஜொகூர் கடற்பாலத்தின் வழியே இரயில் மலாயாவுடன் இணைந்தது. 1932-இல் தென்பகுதிப் பாதை மாற்றப்பட்டு, தஞ்சோங் பகார் நிலையம் எழுந்தது.

மலாயாவின் இருப்புப்பாதைகளை அமைத்தும் காத்தும் உழைத்தோருள் தமிழர் பலர். நிலையங்களின் பெயர்கள் ஏடுகளில் நின்றன. மண்வெட்டி ஏந்தியோர் பெயர்கள் நில்லாது போயின. எனினும், அவர்கள் விட்டுச்சென்ற சான்று ஒன்று உண்டு. குவீன்ஸ்டவுனில் இரயில்வே தொழிலாளர் பாதையோரம் அமைத்த எளிய வழிபாட்டிடமே வளர்ந்து, இன்று காமன்வெல்த் டிரைவில் முனீஸ்வரன் ஆலயமாக விளங்குகிறது.

2011 ஜூன் 30-ஆம் நாள் தஞ்சோங் பகாரிலிருந்து இறுதி இரயில் புறப்பட்டது. பின்னர் தண்டவாளங்களுள் பெரும்பகுதி அகற்றப்பட்டது. புக்கித் தீமாவின் இரும்புப் பாலங்கள் இன்றும் பழமை பேசி நிற்கின்றன.

இரும்பைப் பெயர்த்தெடுக்கலாம், உழைப்பின் நினைவைப் பெயர்த்தெடுத்தல் ஆகாது. மாணவரை அப்பாதைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், மரங்களின் பெயர்களோடு அம்மனிதரின் கதையையும் சொல்வாராக. அதுவே அவர்க்கு நாம் எழுப்பும் நடுகல்.