ரெக்கோடிங் பாரும் பூட்டுப் போட்ட தட்டுகளும்

எண்பதுகளில் இரத்தினபுரி டவுனில் ரெக்கோடிங் பார் என்று பலகை மாட்டிய கடைகள் இருந்தன. சம்பளம் போட்டதும் எங்கள் தோட்டத்து இளவட்டங்கள் கொப்பித்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். வெறும் கெசட்டையும் பட்டியலையும் கொடுத்தால், சில நாளில் பாட்டு நிரம்பி வரும். அதை யாரும் களவு என்று நினைக்கவில்லை. சென்னையில் வெளியான அசல் கெசட்டை நான் எங்கள் லயத்தில் கண்டதே இல்லை. பால்வெட்டுச் சம்பளத்தில் அரிசிக்கும் மாவுக்கும் போக மிஞ்சியதில் பிரதிதான் வாங்க முடிந்தது.

கெசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதியாது. என் மாமா, அம்மாயியின் தாலாட்டைப் பதிந்ததும் அவற்றை உடைத்துவிட்டார். வேண்டாத கெசட்டென்றால் அந்த ஓட்டையில் பிளாஸ்டர் ஒட்டி மறுபடி பதிவார். பூட்டுவதும் திறப்பதும் கெசட்டுக்காரரின் இஷ்டம். அந்த உரிமையைத்தான் பிற்பாடு இசை, படக் கம்பனிகள் எடுத்துக்கொண்டன.

தீபாவளிக்கு டீவியும் டெக்கும் வாடகைக்கு வந்து, விடிய விடியப் படம் ஓடிய அதே காலத்தில், வீட்டில் பதியும் கருவியையே சட்டவிரோதமாக்கப் பார்த்தது ஹொலிவூட். 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தக் கருவியைச் செய்த சோனிக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது: டீவி நிகழ்ச்சியைப் பிறகு பார்க்க வீட்டில் பதிவது குற்றமல்ல. அந்த சோனியே 1988இல் சிபிஎஸ் இசைக் கம்பனியையும், அடுத்த வருடம் கொலம்பியா படக் கம்பனியையும் வாங்கியது. 2005இல் சோனி பிஎம்ஜி விற்ற சில இசைத்தட்டுகள், பிரதி எடுப்பதைத் தடுக்க, வாங்கியவரின் கணினிக்குள் அவருக்குத் தெரியாமலே ஒரு மென்பொருளை ஒளித்து வைத்தன. காசு கொடுத்து வாங்கியவரைக் கள்ளனாக நடத்திய செயல் அது.

கம்பனிகளின் பயத்துக்குக் காரணம் இருந்தது. கெசட்டில் பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறும். டிஜிட்டலில் நூறாவது பிரதியும் முதல் பிரதி மாதிரியே இருக்கும். அதனால் டிஜிட்டல் நாடாவில் பிரதிக்குப் பிரதி எடுக்க முடியாதபடி கருவியிலேயே தடை வைக்க வேண்டுமென்று 1992இல் அமெரிக்கா சட்டம் போட்டது. டிவிடி பூட்டோடுதான் பிறந்தது. 1999இல் நோர்வேயைச் சேர்ந்த ஜோன் ஜொஹான்சன் என்ற பதினைந்து வயதுப் பையனும் கூட்டாளிகளும் அதைத் திறந்துவிட்டார்கள். அவன்மேல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் விடுதலை செய்தது. எங்கள் பக்கம் மலிவாகப் பரவிய விசிடியில் அப்படியொரு பூட்டே இல்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாக வாங்கிய பிரதியிலிருந்து ஒருவர் தம் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்க இடம் தருகிறது. பூட்டை உடைக்கும் கருவியை விற்பனைக்காகச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. பிரதி எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, எடுக்கும் வழியை அடைப்பது நியாயமில்லை. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் கூலி போய்ச் சேர வேண்டும். உழைப்புக்குக் கூலி கேட்டே வாழ்ந்த எங்களுக்கு அது விளங்காததல்ல. ஆனால் எங்களுக்கு எட்டுகிற விலையில் விற்க வராதவர்கள் எங்கள் கையைக் கட்டக் கூடாது.

மாமாவின் கெசட்டுகளில் சினிமாப் பாட்டு மட்டுமா இருந்தது? காமன் கூத்தும் மாரடிப்பாட்டும் அம்மாயியின் தாலாட்டும் இருந்தன. எந்தக் கம்பனியும் அவற்றை வெளியிடவில்லை. பிரதி எடுத்ததால்தான் இன்றும் கேட்கிறோம். சப்ரகமுவ மழையில் நாடாவுக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படியொரு கெசட் கிடந்தால் இந்த மாதமே போனுக்கு மாற்றுங்கள். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி, சொந்தக்காரர் நாலு பேருக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.