1969: இரண்டு கிழவர்கள், ஒரு விருது

ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் பருவம் வந்தால் மாமாக் கடையில் ஒரு சண்டை நிச்சயம். "முப்பத்துமூணு வயசு ஆளை வாங்கி என்னா செய்யப் போறாங்க? காலு போயிருச்சுலா!" இங்கிலாந்துக் காற்பந்தில் இது பழைய சண்டை. 1969இல் அங்குள்ள காற்பந்து எழுத்தாளர் சங்கம், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை இருவருக்குப் பகிர்ந்து கொடுத்தது: டோனி புக், டேவ் மெக்காய். இருவருக்கும் வயது 34. இருவருமே முப்பதைத் தாண்டிய பிறகு விலைக்கு வாங்கப்பட்ட தற்காப்பு ஆட்டக்காரர்கள்.

புக் கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டே சிறிய குழுக்களில் ஆடியவர். 1966இல் மான்செஸ்டர் சிட்டிக்கு அவரை வாங்கலாம் என்றார் துணை நிர்வாகி மால்கம் அலிசன். நிர்வாகி ஜோ மெர்சர் வயதைக் காட்டித் தயங்கினார். "எவர்டனிலிருந்து ஆர்சனலுக்குப் போனப்ப உங்களுக்கு என்ன வயசு?" என்ற மாதிரி அலிசன் கேட்டாராம். 1946இல் மெர்சருக்கு 32. அதன் பிறகுதான் ஆர்சனலோடு இரண்டு லீக் பட்டங்களை வென்றார். புக் வாங்கப்பட்டார். 1968இல் சிட்டி லீக்கை வென்றபோது அவர்தான் குழுத் தலைவர்.

ஆனால் புக்கின் கால்கள் பெரிய ஆட்டங்களில் தேயாதவை. மெக்காய் அப்படியல்ல. 1961இல் டோட்டன்ஹமுக்கு லீக், எஃப்.ஏ. கிண்ணம் இரண்டையும் வென்று கொடுத்த நட்சத்திரம். 1963 டிசம்பரில் இடது கால் முறிந்தது. ஒன்பது மாதத்தில் அதே கால் மறுபடியும். 1968இல், 33 வயதில், பழைய ஹார்ட்ஸ் குழுவுக்கே திரும்பிவிடலாம் என்றிருந்தார்.

அப்போது வந்தவர் பிரையன் கிளஃப். அவருடைய டார்பி கவுண்டி இரண்டாம் பிரிவில் 18ஆம் இடத்தில் முடித்திருந்த குழு. விலை 5,000 பவுண்டு. திடல் முழுக்க ஓடிய மெக்காயை கிளஃப் ஓடச் சொல்லவில்லை. பின்னால் நிறுத்தினார். ஆட்டத்தைப் படி, மற்றவர்களை ஓட வை, பந்தை நிதானமாக வெளியே கொண்டு வா. அவ்வளவுதான் வேலை. பக்கத்தில் 20 வயது ராய் மெக்ஃபார்லண்ட்.

முதல் ஆண்டே டார்பி இரண்டாம் பிரிவின் வெற்றியாளர். அடுத்த ஆண்டு முதல் பிரிவில் நான்காம் இடம். 1971இல் மெக்காய் போய்விட்டார். 1972இல் டார்பி லீக்கை வென்றது, தற்காப்பின் நடுவில் மெக்ஃபார்லண்டை வைத்து. அந்த 5,000 பவுண்டின் முழுக் கணக்கு இங்கேதான் முடிகிறது.

ஆகவே வயசு என்ன என்பது பாதிக் கேள்விதான். அவருக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறார்கள், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளப் போவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் வாங்கலாம். பெயருக்காக வாங்கி, பத்து வருடத்துக்கு முன் ஓடியதுபோல ஓடச் சொல்கிற குழு வாங்கவே கூடாது. அங்கே காசும் போகும், ஒரு இளைஞனின் இடமும் போகும், அந்தக் கிழவனின் மரியாதையும் சேர்ந்து போகும்.