விதானையார் வீட்டில்

மேனாட்டுத் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்கள், பண்டிகை வந்தால் குடும்பத்தையும் அயலாரையும் ஒரே மேசையிற் கூட்டிவைக்கும். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததோ 1979இல். அதற்கு நெடுங்காலம் முன்னரே யாழ்ப்பாணத்தாரை அவ்வாறு கூட்டியது இலங்கை வானொலி. ஏழாலையிற் பிறந்த இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ என்னும் நாடகம் அவற்றுள் ஒன்று. பெட்டி வைத்திருந்தோர் சிலரே. ஆதலின் கேட்போர் அயலாரும் கூடியே கேட்டனர். பண்டிதர் சிலர் இழிவழக்கென ஒதுக்கிய பேச்சு, அங்கே வெட்கமின்றி ஒலித்தது. இலங்கையர்கோன் காரியாதிகாரியாகக் கடமையாற்றியவர். விதானைமாரின் மிடுக்கையும் சங்கடத்தையும் அவரளவு அறிந்த எழுத்தாளர் அரியர். 1961இல் அவர் மறைந்தார். 1963இல் விதானைப் பதவியும் ஒழிந்து, கிராம சேவகர் வந்தனர். விதானைமாருக்கு விடுத்த ஆணைகள் அரசாங்கக் கோப்புகளிற் கிடைக்கும். அவர்கள் வீட்டுப் பேச்சுக்கு இத்தகைய நாடகங்களையே தேடவேண்டும்.