ஒரு கடிதமும் ஒரு மாத்திரையும்

பெரிய விபரீதம் ஒன்று நடந்தால் அதற்குப் பின்னால் பெரிய திட்டமோ பெரிய புத்தகமோ இருக்கும் என்றுதான் தோன்றும். அமெரிக்காவின் வலி மாத்திரை விவகாரத்தில் அடிக்கடி ஆதாரமாகக் காட்டப்பட்டது ஒரு கடிதம். அதுவும் ஐந்தே வாக்கியம்!

பாஸ்டன் நகரில் ஹெர்ஷல் ஜிக் என்று ஒரு மருத்துவர். மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு என்ன மருந்து தருகிறார்கள், அதனால் என்ன பக்கவிளைவு வருகிறது என்று கணக்கு வைத்திருந்த ஆய்வுக் குழு அவருடையது. அந்தக் கணக்கைப் புரட்டியதில், மார்ஃபின் வகை மருந்து ஒரு முறையாவது பெற்றவர்கள் 11,882 பேர். முன்பு போதைப் பழக்கம் இல்லாமல் இருந்து, பிறகு அடிமையானதாகத் தெளிவான பதிவு உள்ளவர்கள் 4 பேர். ஜேன் போர்ட்டரும் ஜிக்கும் இதைச் சுருக்கமாக எழுதி அனுப்ப, 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' 1980 ஜனவரி 10 இதழில் வாசகர் கடிதமாக வெளியிட்டது. அவ்வளவுதான் சங்கதி.

அதில் இல்லாதது நிறைய. எத்தனை நாள் மருந்து கொடுத்தார்கள்? எவ்வளவு? வீட்டுக்குப் போன பிறகு அந்த நோயாளிகள் என்ன ஆனார்கள்? ஒரு வார்த்தை கிடையாது. நர்ஸ் கண் முன்னால், அளந்து கொடுக்கப்பட்ட மருந்தின் கணக்கு அது. அதை வைத்து வருஷக்கணக்கில் வீட்டிலேயே மாத்திரை விழுங்குபவரைப் பற்றிப் பேசுவது, தீபாவளிக்கு முந்தின நாள் கல்லாப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருஷ லாபம் சொல்வது மாதிரி.

ஆனால் அந்தக் காலத்து மருத்துவர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். போதைக்கு அடிமையாகிவிடுவார்கள் என்ற பயத்தில், சாகக் கிடக்கும் புற்றுநோயாளிக்குக்கூட மார்ஃபின் கொடுக்கத் தயங்கினார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! 1986இல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் கொடுக்கலாம் என்று வழிகாட்டியது நியாயமான காரியம். அதே வருடம் ரஸ்ஸல் போர்ட்டனாய், காத்லீன் ஃபோலி என்ற இரு மருத்துவர்கள், புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிக்கும் இந்த மருந்துகளை நீண்ட நாள் தரலாம் என்று எழுதினார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகள் 38 பேர். இருபது வருடமாக முதுகுவலியோடு இருப்பவருக்கும் வலி நிஜம்தானே என்ற கேள்வி சரி. பதிலுக்கு 38 பேர் போதுமா என்பதுதான் சிக்கல்.

இங்கேதான் வியாபாரம் நுழைகிறது. பர்டூ ஃபார்மா நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் மாத்திரைக்கு 1995 டிசம்பரில் அரசு அனுமதி கிடைத்தது. 1996இல் விற்பனைக்கு வந்தது. மருந்து மெதுவாக உடம்பில் கலப்பதால் தவறான பயன்பாடு குறையும் என்று 'நம்பப்படுவதாக' மருந்தின் குறிப்பேட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். (நிரூபிக்கப்பட்டதாக அல்ல, நம்பப்படுவதாக!) அடிமையாகும் அபாயம் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்ல விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2001இல் அவர்களின் சராசரி ஆண்டுச் சம்பளம் 55,000 டாலர், சராசரி போனஸ் 71,500 டாலர். சம்பளத்தைவிட போனஸ் அதிகம் என்றால் அவர் டாக்டரிடம் என்ன பேசுவார் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் முறை வாங்குபவருக்கு இலவசக் கூப்பன் வேறு! 1996இல் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை 2000இல் ஏறக்குறைய 110 கோடி டாலர் ஆனது.

காற்றும் அந்தப் பக்கமே வீசியது. காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் இவற்றோடு வலியையும் ஐந்தாவதாகக் கேட்டுக் குறிக்க வேண்டும் என்ற பிரசாரம் தொண்ணூறுகளில் பரவியது. 2001இல் 'டைம்' பத்திரிகை அந்தக் கடிதத்தை மைல்கல் ஆய்வு என்றே எழுதிவிட்டது. ஐந்து வாக்கியம் ஆய்வாகிவிட்டது!

2007இல் பர்டூ குற்றத்தை ஒப்புக்கொண்டது. நிறுவனமும் மூன்று அதிகாரிகளும் சேர்ந்து கட்டிய தொகை சுமார் 63 கோடி டாலர். அதன் பின் வந்த வருடங்களில் பாதிப்பு மாத்திரையைத் தாண்டி ஹெராயினுக்கும், பிறகு ஃபென்டனிலுக்கும் போனது. 1999 முதல் 2020 வரை ஓபியாய்டு வகைகள் எல்லாம் சேர்ந்து அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

சரி, நாள்பட்ட வலிக்கு இந்த மருந்து ஒரு வருடம் கொடுத்தால் உண்மையில் பலன் உண்டா? இதை நேராகச் சோதித்த முக்கியமான ஆய்வு 2018இல்தான் வந்தது. எரின் கிரெப்ஸ் குழுவினர் முதுகு, இடுப்பு, முழங்கால் வலியுள்ள 240 முன்னாள் ராணுவத்தினரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஓபியாய்டும் மறுபாதிக்கு பாராசிட்டமால் போன்ற சாதாரண மருந்துகளும் கொடுத்தார்கள். 12 மாதம் கழித்து, அன்றாட வேலைகளைச் செய்வதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. வலி, சாதாரண மருந்து சாப்பிட்டவர்களுக்கே சற்றுக் குறைவு. ஆக்ஸிகான்டின் கடைக்கு வந்து 22 வருடம் ஆகியிருந்தது.

அடுத்து எதிர்ப்பக்கம் ஓடினார்கள். 2016இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் மருத்துவர்களுக்கு அளவு பற்றிய ஆலோசனை தந்தது. அதைச் சட்டம் போலப் பிடித்துக்கொண்டு, வருடக்கணக்கில் மருந்தில் இருந்தவர்களுக்குத் திடீரென்று நிறுத்தினார்கள். தாங்க முடியாத வலி, தற்கொலை எண்ணம் என்று நிலைமை முற்ற, அப்படி நிறுத்தக் கூடாது என்று 2019இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. 2022இல் திருத்திய வழிகாட்டி, ஒவ்வொரு நோயாளியையும் தனியாகப் பார்த்து, குறைப்பதானால் மெதுவாகக் குறைக்கச் சொல்கிறது.

கடிதம் என்ன ஆனது? 2017இல் கனடா ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். அதை மேற்கோள் காட்டியவை 608 கட்டுரைகள். அடிமையாவது அபூர்வம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டியவை 439. அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதைக் குறிப்பிடாதவை 491. தன் கடிதத்தை மருந்து நிறுவனங்கள் இப்படிப் பயன்படுத்தியதில் வெட்கப்படுவதாக ஜிக் அந்த வருடம் சொன்னார். பத்திரிகையின் இணையதளத்தில் கடிதம் இன்றும் இருக்கிறது. இதை யோசிக்காமல் ஏராளமானோர் மேற்கோள் காட்டிவிட்டார்கள், வாசகர்கள் அறிக என்று அதன் தலைமேல் ஒரு எச்சரிக்கை சேர்த்திருக்கிறார்கள், 37 வருடம் கழித்து.